ஓடும்போது ஹெட்லைட் மங்குகிறதா? பல்பை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: இரவு. தொப்பூர் கணவாய் இறக்கம், காருக்குள்ளிருந்து.]

வணக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன்னாலும் பின்னாலும் லோடு லாரி, நடுவில் வளைவு. அங்கே ஹெட்லைட் லேசாக மங்கினாலே வயிற்றைக் கலக்கும். நிறையப் பேர் உடனே பல்பை மாற்றுகிறார்கள், அதிலும் சரியாகாவிட்டால் பெரிய வாட் பல்பாகப் போடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மங்கிவிட்டுத் தானாகவே மறுபடி பிரகாசமாகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பல்புக்குக் கரண்ட் வருகிற வழியில்தான் இருக்கும்.

எப்போது மங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். வண்டி நிற்கும்போது மங்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் இரண்டு லைட்டும் தெளிகிறதா? சார்ஜிங்கில் குறை. ஒரு பக்கம் மட்டும் மங்குகிறதா? அந்தப் பக்கத்து பல்பு ஹோல்டர் அல்லது எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் சிமிட்டுகிறதா? எங்கோ ஒரு இணைப்பு லூஸ்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் ஐடிலுக்கு வந்துவிடும், பேட்டரியை சார்ஜ் செய்கிற டைனமோவும் (ஆல்டர்னேட்டர்) மெதுவாகச் சுற்றும். பிரேக்கை மிதித்தபடியே வருவதால் பிரேக் லைட்டும் எரியும், ஏசியும் ஓடும். டைனமோ ஏற்கெனவே சோர்ந்திருந்தால் வெளிச்சம் சரியாக அந்த இடத்தில்தான் படுக்கும். லைட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. கியரிலேயே இறக்குங்கள்.

[காட்சி: பானெட் திறந்திருக்கிறது. மல்டிமீட்டர், டிசி 20 வோல்ட்டில்.]

சரி, அளந்து பார்ப்போம். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, பேட்டரியில் 12.6 வோல்ட் அளவுக்கு வந்தால் முழு சார்ஜ். ஸ்டார்ட் செய்து, லைட்டும் ஏசியும் போட்டுப் பாருங்கள். 13.5-லிருந்து 14.5 வரை காட்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும், அதனால் ஒரு அளவு குறைந்ததும் முடிவு கட்டாதீர்கள். சாதாரண வண்டியில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் 13-ஐத் தொடவில்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள். தொய்ந்த பெல்ட் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தும். பெல்ட் நன்றாக இருந்தால் டைனமோவின் கார்பன் பிரஷ், டயோடு, ரெகுலேட்டர். அது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை.

[காட்சி: பேட்டரி டெர்மினல், மிக அருகில்.]

இங்கே நிதானமாகப் பாருங்கள். டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதே, அதுதான் கரண்டை மறிக்கிறது. பூ இல்லாவிட்டாலும் கையால் திருகிப் பாருங்கள், துளி கூட அசையக் கூடாது. இன்ஜினை நிறுத்தி, முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் கழற்றுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, வெந்நீரில் கரைத்த ஆப்பசோடாவை பிரஷில் தொட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவிடுங்கள். கரைசல் பேட்டரி மூடிக்குள் இறங்கக் கூடாது. உள்பக்கம் ஈயம் பளபளவென்று தெரிய உப்புத்தாள் போடுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

அடுத்து எர்த். இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. ஹெட்லைட் எர்த் ஒயரை பாடியில் முடுக்கியிருக்கும் போல்ட்டைக் கண்டுபிடியுங்கள். லைட் எரியட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறுமுனையை அந்த ஒயர் நுனியிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அங்கே துரு. கழற்றி, பெயிண்டும் துருவும் போகச் சுரண்டி, இறுக்குங்கள்.

இவ்வளவு சின்ன அளவுக்கா கவலை என்று தோன்றலாம். ஹாலஜன் பல்புக்கு 13.2-க்குப் பதில் 12 வோல்ட் போனால், வோல்ட் குறைவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழ்தான். வெளிச்சமோ கால்வாசிக்கு மேல் போய்விடும்.

[காட்சி: உருகிப் பழுப்பேறிய ஹோல்டர்.]

பெரிய வாட் பல்பு போட்டால் இதுதான் நடக்கும். கம்பெனி 60/55 வாட்டுக்குத்தான் (ஹை பீம் 60, லோ பீம் 55) ஒயர் போட்டிருக்கிறது. 60 வாட் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8-க்கு மேல். ஒயரும் ஹோல்டரும் சூடாகி, ஹோல்டரின் பின்கள் கறுத்து, வெளிச்சம் முன்பைவிடக் குறையும். உருகின ஹோல்டரை மாற்றியே ஆக வேண்டும். பழைய வண்டியில் ஸ்விட்ச் வழியாகவே லைட் கரண்ட் முழுவதும் போகும் என்றால், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்கிற ஸ்விட்ச்) வைத்து, ஃப்யூஸோடு பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

ராத்திரி ஓட்டத்தில் திடீரென்று மங்கி, டாஷ்போர்டு மீட்டரில் பேட்டரி சிவப்பு விளக்கும் வந்துவிட்டால், டைனமோ நின்று பேட்டரியில் மட்டும் ஓடுகிறீர்கள். டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். பெல்ட் அறுந்து சூடு ஏறினால், ரோட்டை விட்டு ஒதுங்கி உடனே நிறுத்த வேண்டும். ஏறவில்லை என்றால் ஏசி, ஸ்டீரியோ, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஹெட்லைட்டை அணைக்காதீர்கள். இன்ஜினையும் நடுவழியில் நிறுத்தாதீர்கள், மறுபடி செல்ஃப் எடுக்காது. காரிமங்கலமோ காவேரிப்பட்டினமோ, எந்த ஊரானாலும், வெளிச்சமுள்ள முதல் பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.