வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் என்ன கேட்கலாம்?

[காட்சி: கிளிநொச்சியில் ஒரு வீட்டு விறாந்தை. வாட்ஸ்அப் அழைப்பு.]

வணக்கம். மாரிகாலத்தில் இங்கே காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 8.30. வேலை முடிந்து வந்த மகனிடம் அம்மா கேட்கிறார்:

"சாப்பிட்டியோ? சரியான குளிரோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை அம்மா."

உண்மையாகவே இல்லையா? 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனம், உடலும் மனமும் மட்டுமல்ல, சமூக வாழ்வும் நன்றாக இருப்பதே சுகம் என்கிறது. காய்ச்சல் என்றால் குரலில் பிடிபட்டுவிடும். ஊரோடு ஒட்டாத தனிமை அப்படிப் பிடிபடாது.

[காட்சி: கிணற்றடி, வாளி, கயிறு.]

வன்னிக்கு இது தெரியாத விஷயமல்ல. 1995 ஒக்டோபர் கடைசியில், போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது, பலர் கிளாலிக் கடலேரி கடந்து இங்கே வந்தார்கள். எங்கள் வளவிலும் ஒரு குடும்பம் கொட்டில் போட்டது. அரிசி கொடுத்தோம், கிடுகு கொடுத்தோம். அந்த அக்கா தலை நிமிர்ந்து பேசவே இல்லை. ஒரு நாள் அம்மம்மா கிணற்றடியில், "பிள்ளை, இடுப்பு நோகுது, எனக்கும் ரெண்டு வாளி அள்ளித் தா" என்றார். அடுத்த நாள் விடிய, கேட்காமலே எங்கள் குடம் நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த அக்கா எங்கள் குசினிக்குள் வந்து கதைக்கத் தொடங்கினார்.

அதாவது, உதவி கிடைப்பது மட்டும் போதாது. நம்மிடம் ஒருவர் உதவி கேட்கவும் வேண்டும்.

[காட்சி: பனி மூடிய தெரு.]

ஊர் ஒன்றியம், கோயில், பழைய மாணவர் சங்கம் எல்லாம் புலம்பெயர்ந்த நாட்டில் அப்படி உதவி கேட்கவும் செய்யவும் இடம் தருகின்றன. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. கனடிய உளவியலாளர் ஜோன் பெரியும் மற்ற ஆய்வாளர்களும் 13 நாடுகளில் குடியேறிய இளையோரைப் பார்த்தார்கள். சொந்தப் பண்பாட்டையும் புதிய சமூகத்தையும் சேர்த்துப் பிடித்தவர்களே மனதாலும் பள்ளியிலும் நன்றாக இருந்தார்கள். பாகுபாட்டைச் சந்தித்தவர்கள் தளர்ந்தார்கள். அதனால், "நீ ஏன் ஒருத்தரோடையும் பழகுறேல்லை?" என்று பிள்ளையை ஏசாதீர்கள். கதவைத் திறப்பது அந்த நாட்டின் பொறுப்பும்தான்.

[காட்சி: மறுபடி விறாந்தை. அம்மா அழைக்கிறார்.]

"தம்பி, பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்?"

"ஒரு வயசான அம்மா. போன கிழமை வாசல் பனியைத் தள்ளிவிடச் சொல்லிக் கேட்டவ."

"தள்ளிவிட்டனியோ?"

"ஓம் அம்மா. பிறகு தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டவ."