மூடிய சுரங்கத்தில் தண்ணீர் எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே.

ஒரு நிலக்கரிச் சுரங்கம் மூடப்படும்போது வெட்டு வேலை நின்றுவிடும், காற்றோட்ட விசிறி நின்றுவிடும், கடைசியில் பம்பும் நின்றுவிடும். தண்ணீர் மட்டும் நிற்காது. மழைநீர் நிலத்தின் விரிசல்கள் வழியாக இறங்கி, வெட்டியெடுத்த வெற்றிடங்களை அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே மேலே வரும். அது இன்று எந்த மட்டத்தில் நிற்கிறது, எந்த வழியில் வெளியேறுகிறது என்று பார்த்துக் கணக்கெழுதும் வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஜார்க்கண்டில் தன்பாத்தை ஒட்டிய ஜாரியா நிலக்கரிப் பகுதியில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த வேலையில்தான் கழிந்தது.

இந்த வேலை ஏன் வேண்டும் என்று அந்தப் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்நாலா சுரங்கத்தில், மேலே கைவிடப்பட்ட பகுதியில் தேங்கியிருந்த தண்ணீர் தடுப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. 375 பேர் இறந்தார்கள். உள்ளே சிக்கியவர்களில் ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. 2001 பிப்ரவரியில் பாக்டிகி சுரங்கத்தில் 29 பேர் பலியானார்கள். அங்கே பாய்ந்தது பக்கத்திலிருந்த கைவிடப்பட்ட ஜெயராம்பூர் சுரங்கத்தின் நீர். பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டர் நெருக்கத்தில் வெட்டிச் செல்ல முன் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த 60 மீட்டரை வரைபடத்தை வைத்துத்தானே அளக்கிறோம்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2002 ஜூலையில் குவீகிரீக் சுரங்கத் தொழிலாளர்கள் பழைய சுரங்கம் ஒன்றின் தண்ணீருக்குள் வெட்டிவிட்டதற்குக் காரணம், கையிலிருந்த வரைபடம் அந்தச் சுரங்கத்தின் இறுதி நிலையைக் காட்டாததுதான். உள்ளே சிக்கிய ஒன்பது பேரும் 77 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு வந்தது பெரும்பேறு. ஆகவே சோதனைக்குப் புறப்படுமுன் நான் முதலில் எடுப்பது வரைபடத்தை. அதன் கடைசி அளவைத் தேதிக்கும் சுரங்கம் நின்ற தேதிக்கும் இடையில் எத்தனை மாத வெட்டு விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பேன்.

ஜூன் நடுவில் பருவமழை தொடங்குவதற்குள் களச் சோதனை முடிந்தாக வேண்டும். சுரங்க வாய்கள், இதுவரை பதிவான உச்ச வெள்ள மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டராவது உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். சுற்றுவாய்க்கால் தூர்ந்திருந்தால் வாரச் சொல்கிறோம். நிலம் உள்வாங்கிய குழிகளைக் களிமண்ணிட்டு மூடியிருக்கிறார்களா, மூடிய இடம் மறுபடி அமிழ்ந்திருக்கிறதா என்று நடந்தே பார்க்க வேண்டும். ஜீப்பிலிருந்து பார்த்தால் புதர்தான் தெரியும். சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் பழைய குழிக்குள் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டம் அளக்கும்போது யாரும் தலையை நீட்டக் கூடாது. காற்றழுத்தம் குறையும் நாளில் பிராணவாயு அற்ற காற்று உள்ளிருந்து வெளியே வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

பக்கத்துச் சுரங்கம் இயங்கிக்கொண்டிருந்தால், இரண்டுக்கும் நடுவே கட்டிய தடுப்புச் சுவரை அந்தப் பக்கமாகப் போய்ப் பார்க்கிறோம். சுவருக்குப் பின்னால் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் 80 டன் எடை தள்ளுகிறது என்று பொருள். சுவரில் பதித்த குழாயில் அழுத்தமானி இருக்கும். மேலே குழியில் நீர்மட்டம் உயர்ந்திருக்க, கீழே அழுத்தமானி பூஜ்யம் காட்டினால் மகிழ்ச்சியடையக் கூடாது. குழாய் சேற்றால் அடைத்திருக்கிறது. சுவரின் மீதுள்ள பாரம் நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

இளம் அதிகாரிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: வழக்கமாக நீர் கசியும் வாய் மழைக்காலத்தில் வறண்டிருந்தால் அன்று வீட்டுக்குப் போகாதீர்கள். உள்ளே போனது வெளியே வரவில்லை என்றால் எங்கோ சேர்கிறது. வேல்ஸ் நாட்டின் ஸ்கீவன் கிராமத்தில் 2021 ஜனவரியில் நடந்தது அதுவே. பழைய சுரங்கத்துக்குள் ஏற்பட்ட அடைப்புக்குப் பின்னால் தேங்கிய நீர், கடும் மழையின்போது ஒரு குழி வழியாகப் பீறிட்டுத் தெருக்களில் பாய்ந்தது. ஏறத்தாழ 80 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அங்கே பல தலைமுறைகளுக்கு முன் வெட்டிய சுரங்கங்கள் அவை.

வெளியேறும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்கிறோம். கந்தகம் குறைந்த ஜாரியா நிலக்கரியில் அமிலத் தொல்லை பெரிதில்லை. சுத்திகரித்த சுரங்க நீரைக் குடிக்கவும் பாசனத்துக்கும் தருகிறார்கள். மேகாலயாவில் நிலைமை வேறு. அங்கே கந்தகம் மிகுந்த கரி, நீரை அமிலமாக்கி ஓடைகளைச் செங்காவி நிறமாக்குகிறது.

இதற்கெல்லாம் யார் பணம் தருவது? இந்தியாவில் 2009 முதலே அரசின் வழிகாட்டு நெறிகள், மூடுவதற்கான தொகையைச் சுரங்கம் இயங்கும்போதே தனிக் கணக்கில் கட்டச் சொல்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் மூடல் பணிகள் முடிந்த பிறகும் தண்ணீர் இருக்கும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலம் சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டதால் பம்புகளை என்றைக்கும் நிறுத்த முடியாது. அந்தச் செலவுக்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில்தான் மூடப்பட்டது. பதினோரு ஆண்டுகள் முன்னதாகவே யோசித்திருக்கிறார்கள். நம்மிடமும் அப்படியொரு நிரந்தர நிதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய சுரங்கத்துக்கு அருகில் வசிப்பவர்கள் யாராவது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடையில் காரணமில்லாமல் கிணற்று நீர் உயர்ந்தாலோ, வயல் விரிசலில் மழைநீர் சுழன்று இறங்கினாலோ, என்றும் ஓடும் ஊற்று நின்றாலோ, நாளையும் நேரத்தையும் குறித்துச் சுரங்க மேலாளருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.