கழுத்து முறிந்த கீப்பர்

(தூத்தூரில் கால்பந்துப் போட்டியின் நிறைவு நாள் மாலையில் பேசியது)

பங்குத்தந்தை அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மக்களே!

சாயங்கால ஆட்டத்தில் அந்தச் சின்னக் கீப்பர், எதிராளியின் காலடியில் தலையைக் கொடுத்து விழுந்து பந்தைக் கட்டிப்பிடித்தானே, கண்டீர்களா? அவன் அம்மை எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். பெர்ட் டிராட்மன் கதை சொல்கிறேன்.

1923-இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் பிறந்தவர். ஹிட்லரின் பட்டாளத்தில் பாராசூட் வீரர். ருசிய முனையில் சண்டையிட்டு இரும்புச் சிலுவை விருது வாங்கியவர். யுத்தம் முடியும் தறுவாயில் பிரிட்டிஷ்காரர் கையில் சிக்கினார். லங்காஷயரில் கைதி முகாம். அங்கே ஒரு ஆட்டத்தில் அடிபட்டு ஓட முடியவில்லை. சரி, கோலில் போய் நில் என்று கீப்பரோடு இடம் மாற்றினார்கள். பிறகு அந்த இடத்தை அவர் விடவே இல்லை.

1949-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணி அவரை எடுத்தது. ஊர் கொதித்தது. கொதிக்காதா? ஜெர்மன் குண்டுக்கு வீடும் ஆளும் பறிகொடுத்த ஊர். ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அணிக் கேப்டன் எரிக் வெஸ்ட்வுட் நார்மண்டியில் ஜெர்மானியரோடு சண்டை போட்டவர். அவரே, இந்த உடைமாற்றும் அறைக்குள் யுத்தம் கிடையாது என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். நானும் பட்டாளத்துக்காரன்தான்; சட்டென்று வாயில் வருகிற வார்த்தை இல்லை அது. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத குரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், நாடு செய்த பாவத்தை ஒருத்தன் தலையில் ஏற்றாதீர்கள் என்று பகிரங்கமாக எழுதினார்.

நமக்கு இது புதுசா? 1741-இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதி ஆகவில்லையா? உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. அங்கே போனால் மானை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

1956 மே 5. லண்டன் வெம்பிளி மைதானம். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். பர்மிங்காம் சிட்டிக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டி 3-1 முன்னிலை, இன்னும் பதினேழு நிமிஷம். பர்மிங்காமின் பீட்டர் மர்பி பாய்ந்து வருகிறார். டிராட்மன் காலடியில் விழுகிறார். மர்பியின் முட்டு கழுத்தில் இடித்தது. மாற்று ஆள் இறக்க அன்று விதி கிடையாது. கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டே கடைசிவரை நின்றார். கோணிய கழுத்தோடு போய் மெடல் வாங்கினார். ராத்திரி விருந்துக்கும் போனார், பாருங்கள்! நாலு நாள் கழித்துத்தான் எக்ஸ்ரே. ஐந்து முள்ளெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன. இரண்டாவது எலும்பு பிளந்திருந்தது. மூன்றாவது ஆப்புப்போலச் செருகி நின்றதால் உயிர் தங்கியது.

சில வாரத்தில் அவருடைய ஐந்து வயது மகன் சாலை விபத்தில் போய்விட்டான். அதற்குமேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் திரும்பி வந்தார். மான்செஸ்டர் சிட்டிக்காக மொத்தம் 545 ஆட்டங்கள். 2013-இல் காலமானார்.

அந்தக் கீப்பர் எங்கே? பரிசு வாங்க மேடைக்கு வா மக்கா. ஏறுமுன்னே கழுத்தை இரண்டு பக்கமும் ஒருதரம் திருப்பிக் காட்டு, உன் அம்மை பார்க்கட்டும்.