உச்சிவெயிலில் புகை ஏன் கீழே வருகிறது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நேரே ஒரு புகைபோக்கியிலிருந்து தொடங்குகிறேன்.

நல்ல வெயில், மெல்லிய காற்று. உயரமான புகைபோக்கியின் வாயிலிருந்து புகை கிளம்புகிறது. புகைக்கென்று உள்ள சூட்டை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். வெயிலில் காற்று மேலேதானே எழும்? அப்படியானால் புகையும் மேலே போய்விடும், தரையில் இருப்பவர்களுக்குத் தொல்லை இல்லை என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம்.

1970களில் வில்லிஸ், டியர்டார்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு நீர்த்தொட்டியை அடியிலிருந்து சூடாக்கி, மிதக்கவும் மூழ்கவும் செய்யாத நுண்துளிகளை அதில் விட்டுப் பார்த்தார்கள். அடியில் விட்ட துளிகளின் கூட்டம் விறுவிறுவென்று எழுந்தது. உயரத்தில் விட்ட கூட்டமோ முதலில் இறங்கித் தரையைத் தொட்டது!

காரணம் எளியது. வெயில் காற்றைவிடத் தரையைத்தான் அதிகம் சுடவைக்கிறது. தரை தன்மேல் கிடக்கும் காற்றைச் சுடவைக்கிறது. அந்தக் காற்று ஒரே பாளமாக எழுவதில்லை. ஒடுக்கமான தூண்களாகத் திரண்டு வேகமாக எழுகிறது. பருந்துகள் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுவது இந்தத் தூண்களில்தான். மேலே போன அளவு காற்று கீழே வந்தாக வேண்டும் அல்லவா? தூண்களுக்கு நடுவே அகன்ற வெளியில், மெதுவாக அது இறங்குகிறது. பரப்பைக் கணக்கிட்டால் பாதிக்கு மேல் இறங்கும் காற்றுதான். எனவே உயரத்தில் வெளிவரும் புகை இறங்கும் காற்றில் சிக்கவே வாய்ப்பு அதிகம். புகையை மேலும் கீழும் சமமாகப் பரப்பிக் காட்டும் பழைய சூத்திரங்கள் வெயில் நேரத்தில் பிசகுவது இதனால்தான்.

இந்தக் கொந்தளிப்பைக் கணினியில் எப்படி அடக்குவது? ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1895இல் ஒரு வழி காட்டினார்: ஓட்டத்தைச் சராசரி என்றும் அதிலிருந்து விலகும் துடிப்பு என்றும் பிரித்துவிடுங்கள். பிரித்தால் சமன்பாடு தெளிவாகும், ஆனால் துடிப்புகள் சுமந்து செல்லும் வெப்பம் புதிய அறியாக்கணியாக, அதாவது மதிப்புத் தெரியாத அளவாக, வந்து நிற்கும். அதற்குச் சமன்பாடு எழுதினால் இன்னும் பல அறியாக்கணிகள் முளைக்கும். முடிவே இல்லாத வேலை. எங்கோ ஓரிடத்தில் ஊகம் செய்தே தீர வேண்டும்.

முதலில் வந்த ஊகம், சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு, வேறுபாட்டுக்கு ஏற்ற அளவில் வெப்பம் போகும் என்பது. தரையை ஒட்டிய சில பத்து மீட்டர்களில் இது அருமையாகப் பொருந்துகிறது. மோனின், ஓபுகோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1954இல் தந்த விதிகள் இன்றும் அங்கே ஆட்சி செய்கின்றன. மேலே போனதும் கதை மாறுகிறது. உயர உயர அழுத்தம் குறைவதால் வறண்ட காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி தானாகவே குளிரும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தரையிலிருந்து தூண்கள் எட்டும் உயரம் வரையுள்ள காற்றுப் படலத்தின் நடுவில் வெப்பநிலை ஏறக்குறைய ஒரே சீர். மேற்பாதியில் லேசாகக் கூடவும் செய்யும். ஊகத்தின்படி வெப்பம் அங்கே நிற்க வேண்டும், அல்லது கீழே திரும்ப வேண்டும். உண்மையிலோ தாராளமாக மேலே போகிறது. தரையில் பிறந்த தூணுக்கு வழியில் உள்ள காற்றின் நிலவரம் பொருட்டே அல்ல. இதைச் சரிக்கட்ட டியர்டார்ஃப் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்தார். பயனுள்ள ஒட்டுதான், ஆனாலும் ஒட்டு ஒட்டுதான். தூண்களைத் தனியாகவும் சிறு சுழல்களைத் தனியாகவும் கணக்கிடும் பிற்கால முறையே எனக்கு நேர்மையாகப் படுகிறது.

ஊகமே வேண்டாம், எல்லாச் சுழல்களையும் கணக்கிடலாமே என்று கேட்கலாம். பெரிய சுழல் ஒரு கிலோமீட்டர், மிகச் சிறியது மில்லிமீட்டர் அளவு. எல்லாவற்றையும் பிடிக்க ஒரு திசைக்குப் பத்து லட்சம் கணக்கீட்டுப் புள்ளிகள் வேண்டும். மூன்று திசைக்கும் பெருக்கினால் ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழியம். நடக்கிற காரியமல்ல. பெரிய சுழல்களை மட்டும் நேரடியாகக் கணக்கிட்டு, சிறியவற்றை ஊகிப்பது நடுவழி. டியர்டார்ஃப் 1970இல் ஒரு கால்வாய் ஓட்டத்தை வெறும் 6,720 புள்ளிகளில் இப்படிக் கணக்கிட்டார். இரண்டே ஆண்டுகளில் அதே உத்தியை வளிமண்டலத்துக்குக் கொண்டுவந்தார்.

எழும் வேகத்துக்கு அவர் தந்த அளவுகோலும் அழகானது. புவியீர்ப்பு முடுக்கத்தை வெப்பநிலையால் வகுத்து, தரை தரும் வெப்ப ஓட்டத்தாலும் படலத்தின் உயரத்தாலும் பெருக்கி, முப்படி மூலம் காணுங்கள். உயரம் 1,000 மீட்டர், பலமான வெயில் என்றால் விநாடிக்கு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு தூண் அடியிலிருந்து உச்சிக்குப் போக ஒன்பது நிமிடம் போதும்.

இப்போது சிக்கல் வேறு இடத்தில். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. பழைய வானிலை மாதிரிகளின் கட்டம் பல பத்துக் கிலோமீட்டர்; தூண்கள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், ஊகித்துவிடலாம். கட்டம் 50 மீட்டரானால் தூண்கள் நேரடியாகத் தெரியும். இன்று பல மாதிரிகள் ஒரு கிலோமீட்டர் பக்கம் வந்துவிட்டன. சல்லடைக் கண்ணும் சலிக்கப்படும் மணியும் ஒரே அளவு! இந்த இடைநிலையை வைங்கார்ட் என்ற ஆய்வாளர் 2004இல் ‘அறியப்படாத நிலம்’ என்றார். கட்டம் நுணுகினால் முன்கணிப்பு தானாகவே சிறக்கும் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. இந்த அளவில் மாதிரி தூண்களைக் காட்டத்தான் செய்யும். ஆனால் அவற்றின் பருமனை முடிவுசெய்வது வளிமண்டலம் அல்ல, கட்டமே. கணினி வரைபடத்தில் வரிசை வரிசையாக அழகான மேகத் தெருக்களைக் கண்டால், கட்டத்தை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். தெருக்களின் இடைவெளியும் கூடவே மாறினால், அவை வானத்தில் இருப்பவை அல்ல.