மத்தியான வெயிலைத் தண்ணீரில் சேமித்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வந்ததில் பாதி ஏற்கெனவே தெரியும். உள்ளே வைத்த மீனிலும் பாலிலும் இருந்த வெப்பமே அந்த வழியால் வெளியேறுகிறது. இதே வேலையைச் சூடாக்குவதற்காகச் செய்யும் இயந்திரம்தான் வெப்பப் பம்பி. வெளிக்காற்றிலோ நிலத்திலோ கிடக்கும் வெப்பத்தை அள்ளி வருவதற்கான கூலியாகவே அது மின்சாரத்தைச் செலவிடுவதால், ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு அலகு வெப்பம் கிடைக்கிறது. சூரிச் நகர மண்டபத்தை 1938இலேயே லிம்மாட் ஆற்றின் வெப்பத்தைக் கொண்டு இவ்வாறு சூடாக்கினார்கள்.

இன்று நம் பிள்ளைகள் வாழும் குளிர்நாடுகளில் கூரையில் வெயிலிலிருந்து மின்சாரம் தரும் சூரியப் படல்களும் கீழே வெப்பப் பம்பியுமாக வீடுகள் கட்டப்படுகின்றன. ஆனால் வெப்பம் மிகவும் வேண்டிய டிசம்பரில்தான் அங்கே வெயில் மிகக் குறைவு. அதனால் சில இடங்களில் படலின் முதுகில் குழாய் பதித்து, அங்கே சேரும் வெப்பத்தையும் பம்பிக்கு ஊட்டுகிறார்கள். குழாய் வெப்பத்தை எடுத்துக் குளிர்விப்பதால் படலுக்கும் நன்மை உண்டு. 65 பாகை வரை சூடேறிய படல், தன் மின்னுற்பத்தியில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கை இழந்துவிடும்.

மட்டக்களப்பில் கட்டடத்தைச் சூடாக்கும் தேவை இல்லை. இங்கே வீசும் சூடான கச்சான் காற்று அந்தப் பொறுப்பைக் கேளாமலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நமக்கு வேண்டியது சுடுதண்ணீர். பாசிக்குடா விடுதிகளுக்கும், வைத்தியசாலைகளுக்கும், பெரிய சமையற்கூடங்களுக்கும் அது நாள்தோறும் தேவை. 200 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவரச் சாதாரண மின்சூடாக்கி ஏழரை அலகு மின்சாரத்தைச் செலவிடும். வெப்பப் பம்பிக்கு இரண்டு அலகுக்குச் சற்று மேல் போதும். 550 வாற்று படல் ஒன்று நல்ல வெயில் நாளில் தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அத்துடன், பம்பி வெளியே தள்ளும் காற்று குளிர்ந்திருக்கும். ஐரோப்பாவில் தொல்லையாகத் தோன்றும் அந்தக் காற்றை நாம் ஒரு குழாயால் சமையலறைக்குத் திருப்பிவிடலாம். அடுப்படியில் நிற்பவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

நான் முக்கியமாக வலியுறுத்த விரும்புவது நேரத்தை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்தபோது, கூரைச் சூரிய மின்னுற்பத்தியைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. மத்தியானத்தில் மிஞ்சும் மின்சாரத்தை விலைகூடிய மின்கலத்தில்தான் சேமிக்க வேண்டும் என்பதில்லை. நேரம் குறித்த ஆளி ஒன்றைப் பொருத்தி, காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் பம்பியை ஓடவிட்டால், நன்கு போர்த்திய தாங்கியில் அடுத்த நாட்காலை வரை சூடு தங்கும். யப்பானில் நெடுங்காலம் இரவுக் கட்டணத்தை நம்பி ஓடிய சுடுதண்ணீர்ப் பம்பிகளும் இப்போது பகல் வெயிலுக்கு மாறி வருகின்றன.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம் என்பதே என் எண்ணம். வெயிலிலேயே தண்ணீரைச் சூடாக்கும், கூரையில் வைக்கும் கண்ணாடிக் குழாய்ச் சூடாக்கி அதற்குப் போதும். மார்கழி மழையிலும் தடையின்றிச் சுடுதண்ணீர் வேண்டிய இடங்களுக்கே பம்பி பொருந்தும். கடலோரத்தில் வாங்குபவர்கள், காற்று புகும் அலுமினியத் தகடுகளுக்கு உப்பைத் தாங்கும் பூச்சு உண்டா என்று விசாரித்த பின்பே பணம் கொடுங்கள். பொருத்திய பிறகும் அத்தகடுகளை மாதம் ஒருமுறையாவது நன்னீரால் கழுவிவிடுங்கள்.