எங்க அம்மிணி நோவுது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, நம்ம ரைஃபிள் சங்கத்துப் பிள்ளைகளே, பெத்தவங்களே, எல்லாருக்கும் வணக்கம். வணக்கத்தை இத்தோட நிறுத்திக்கிறேன். எனக்குக் கொடுத்த நேரம் கொஞ்சம், சொல்ல வேண்டியது நிறைய.

"பத்துப் புள்ளியைத் தருவது பயிற்சியா, பிடியா?" இதுதான் தலைப்பு. நான் பிடியோட பக்கம். துப்பாக்கிக்கு அடியில, தாங்குற கை போய் முட்டி நிக்கிற சின்னத் துண்டுக்குப் பேரு ஹேண்ட்ஸ்டாப். அதை எங்க வைக்கணும், உள்ளங்கை உட்கார்ற பேனல் எப்படி இருக்கணும், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறதைத்தான் பிடின்னு சொல்றேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு பழமொழி சொன்னார். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. "அலன் கீயை, அதான் திருகு முடுக்குற சாவியை, வச்சுக்கிட்டு ஹேண்ட்ஸ்டாப்பை முன்னாடி தள்ளுறதும் பின்னாடி தள்ளுறதுமா இருக்கிற பிள்ளைகளைப் பார்த்தா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன மாதிரி இருக்கு"ன்னார். முதல் வரிசையில உட்கார்ந்திருக்கிற பொண்ணு ஒருத்தி அப்பத் தலையைக் குனிஞ்சா. நான் பார்த்தேன். அதனால எழுதிக்கொண்டு வந்த குறிப்பை மேசையிலேயே வச்சுட்டு வந்துட்டேன். அந்தப் பழமொழிக்குப் பதில் சொல்லாம நகர மாட்டேன்.

அண்ணே, கோயில்ல நாதஸ்வரம் வாசிக்கிறவரைப் பார்த்திருக்கீங்களா? அந்தக் குழல்ல ஒரு கொத்து சீவாளி தொங்கும். ஒண்ணை எடுத்து உதட்டுல வச்சுப் பார்ப்பார். சரியில்லைன்னா அடுத்தது. வாசிக்கத் தெரியாமலா மாத்துறார்? தவில்காரர் விரலுக்கு விரல் கூடு மாட்டுறாரே, அது அவர் விரலுக்குச் செஞ்ச கூடு. பக்கத்து வீட்டுக்காரர் கூட்டை வாங்கி மாட்டிக்கிட்டு ஒரு தனி ஆவர்த்தனம் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. பறை அடிக்கிறவர் முதல்ல தீ மூட்டித் தோலைக் காய்ச்சுறார். அது சாக்கா? ஆட்டம் தெரிஞ்சவங்கதான் கூடத்தைப் பார்ப்பாங்க. கூடம் கோணலா இருந்தா கோணல்னு சொல்றவதான் நல்லா ஆடுறவ!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். படுத்துச் சுடுற நிலையில இடது முழங்கை தரையில ஊனியிருக்கும். ஸ்லிங்குங்கிற வாரோட ஒரு முனை மேல்கையில, இன்னொரு முனை ஹேண்ட்ஸ்டாப்புல. இடது கை அந்த ஹேண்ட்ஸ்டாப்புல போய் முட்டி நிக்கும். சரியா அமைஞ்சா துப்பாக்கியைத் தாங்குறது எலும்பும் வாரும். தசைக்கு வேலையே இல்லை. ஹேண்ட்ஸ்டாப் ரொம்ப முன்னாடி போனா கை நீண்டு, தசை தூக்க ஆரம்பிக்கும். தூக்குற தசை நடுங்காம இருக்குமா? ரொம்பப் பின்னாடி வந்தா மணிக்கட்டு நெருக்கும், நாடித் துடிப்பு குழல் வரைக்கும் ஏறும். முன்னங்கை தரையோட 30 பாகைக்குக் குறையக்கூடாதுன்னு சர்வதேச விதியே இருக்கு. இவ்வளவும் அந்த ஒரு சின்னத் துண்டோட இடத்துல அடங்கியிருக்கு.

50 மீட்டர் தூரத்து இலக்குல பத்துப் புள்ளி தர்ற நடு வளையத்தோட விட்டம் 10.4 மில்லிமீட்டர். துப்பாக்கி மேல குறி பார்க்கிற முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவுல சுமார் 75 சென்டிமீட்டர் இருக்குன்னு வச்சுக்குங்க. முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினா, இலக்குல 6 சென்டிமீட்டருக்கு மேல விலகும். பத்து போய் ரெண்டு மூணு புள்ளிதான் மிஞ்சும். கை பிடிக்கிற இடத்துல உறுத்தல் இருக்கிற பிள்ளை அந்த ஒரு மில்லிமீட்டரை எப்படிக் காப்பாத்தும்?

பேனல் எல்லாம் அழகு சாமான்னு இன்னொரு அண்ணன் சொன்னார். அமெரிக்காவுல 1995-ல பிக்காட்டினி ரெயில்ங்கிற பல்லு வச்ச சட்டத்தைப் படைத்துறைத் தரமா அறிவிச்சாங்க. துணைக்கருவி மாட்ட நல்ல ஏற்பாடு. ஆனா கை வைக்கிற இடம் முழுக்க ரம்பப் பல்லு மாதிரி ஆயிடுச்சு. உள்ளங்கையைக் கிழிச்சுது, குழல் சூடும் ஏறுச்சு. அதனாலதான் மேல ரப்பர், பாலிமர் பேனல் போட்டாங்க. பின்னாடி எம்-லாக் மாதிரி வெறும் துளை வச்ச குழல் உறைகள் வந்தப்பவும் பேனலும் ஹேண்ட்ஸ்டாப்பும் கூடவே வந்தது. குட்டைக் குழல்ல கை வழுக்கி, குண்டு வெளிய வர்ற வாய்ப்பக்கம் போயிடாமத் தடுக்கிறதும் அந்த ஹேண்ட்ஸ்டாப்தான். கையைக் காப்பாத்த வந்த பொருளை அழகு சாமான்னு சொல்லாதீங்க.

அப்புறம் அமெரிக்கத் துப்பாக்கி வீரர் மேட் எம்மன்ஸ் கதை. 2004-ல அவர் துப்பாக்கியை யாரோ சேதப்படுத்திட்டாங்க, கடன் வாங்கின துப்பாக்கியில ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், அதனால பிடி முக்கியமில்லைன்னு எதிரணித் தலைவர் முடிச்சார். அண்ணே, துப்பாக்கியைக் கடன் வாங்கலாம், அளவைக் கடன் வாங்க முடியாது. இந்த ஆட்டத்துல அடுத்தவர் துப்பாக்கி கையில வந்ததும் யாரா இருந்தாலும் முதல்ல தேடுறது அலன் கீயைத்தான். ஹேண்ட்ஸ்டாப் நகர்றதாலதான் துப்பாக்கியைக் கடன் கொடுக்கவே முடியுது! அதே எம்மன்ஸ் ரெண்டு நாள் கழிச்சு, படுத்து, மண்டியிட்டு, நின்னு சுடுற மூணு நிலைப் போட்டியில முன்னணியில இருந்து, கடைசிக் குண்டைப் பக்கத்து ஆளோட இலக்குல சுட்டு எட்டாவது இடத்துக்குப் போனார். பயிற்சி இல்லாதவரா அவர்? பயிற்சி மட்டுமே பத்து தரும்னா அன்னைக்கு ஏன் தரல?

பதில் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். இனி என் கதை.

எனக்கு அப்ப 14 வயசு. எங்களுக்குப் பொதுவா ஒரே ஒரு துப்பாக்கி, ஆறு பேர் மாத்தி மாத்திச் சுடணும். ஹேண்ட்ஸ்டாப்பை ஆறடி உயரத்து சீனியர் அண்ணன் ஒருத்தர் தன் அளவுக்கு வச்சு முடுக்கியிருந்தார். அலன் கீ பயிற்சியாளர் மேசை டிராயர்ல பூட்டி இருக்கும். அது நகரும்னே எனக்குத் தெரியாது. சாமி சிலை மாதிரி அது அங்கேயேதான் இருக்கும்னு நினைச்சேன்.

பத்துக் குண்டு சுடறதுக்குள்ள கை நடுங்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தோல் உரிஞ்சு எரியும். "ஏன் நடுங்குற?"ன்னு கேப்பாங்க. "மனசுல உறுதி இல்லை." "பயிற்சி பத்தாது." "பொம்பளப் புள்ள கை அப்படித்தான்." எட்டு மாசம். ராத்திரி புழக்கடையில நின்னு, இடது கையில செங்கல்லைத் தூக்கி நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நூறு வரைக்கும் எண்ணுவேன்.

எங்க அப்பா தச்சு வேலை செஞ்சவர். ஒரு நாள் ராத்திரி வேலை முடிஞ்சு வந்தவர், நான் செங்கல்லோட அழுதுக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தார். மார்க் கேக்கல. ஏன் நடுங்குதுன்னும் கேக்கல. செங்கல்லை வாங்கிக் கீழ வச்சுட்டுக் கேட்டார்: "எங்க அம்மிணி நோவுது?"

எட்டு மாசத்துல ஒருத்தரும் கேக்காத கேள்வி அது. மறுபடியும் சொல்றேன், இங்க இருக்கிற பயிற்சியாளர்களுக்குக் கேக்கட்டும். எங்க அம்மிணி நோவுது?

நான் விரல் இடுக்கைக் காட்டினேன். ஞாயித்துக்கிழமை டிவிஎஸ் 50-ல ரேஞ்சுக்கு வந்துட்டார். நான் பாய் மேல படுத்தேன். அவரும் வெள்ளை வேட்டியோட என் பக்கத்துல, வெறும் தரையில, குப்புறப் படுத்தார். கண்ணை என் முழங்கைக்கு நேரா வச்சு, பலகையில கோட்டம் பார்க்கிற மாதிரி பார்த்தார். எழுந்து தூசியைக்கூடத் தட்டாம பயிற்சியாளர்கிட்டப் போனார். "ஏனுங்க, இது புள்ளைக்கு அளவே இல்லீங்களே. சாவி இருந்தாக் குடுங்க."

திருகைத் தளர்த்தி ஹேண்ட்ஸ்டாப்பைப் பின்னாடி தள்ளினார். நாலு விரற்கடை. என்னைப் படுக்க வச்சார், பார்த்தார், அரை விரற்கடை முன்னாடி தள்ளினார். மறுபடியும் படுக்க வச்சார். வார் தாங்குச்சு. கை தானாப் போய் முட்டி நின்னுச்சு. நான் தூக்கவே இல்லை, துப்பாக்கி நிக்குது! "அப்பா, நிக்குதுப்பா"ன்னு கத்திட்டேன்.

அன்னைக்கு நான் பத்துப் பத்தாச் சுடல, பொய் சொல்ல மாட்டேன். எட்டும் ஒன்பதும்தான். ஆனா இலக்கு அட்டையில துளை எல்லாம் இடது பக்கமா ஒரே இடத்துல நெருக்கமா இருந்துச்சு. அப்பாவுக்குப் புள்ளிக் கணக்குத் தெரியாது. அட்டையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "எல்லாம் ஒண்ணாவே ஒக்காந்திருக்குதே அம்மிணி"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி ஒரு அட்டைத் துண்டுல என் இடது கையை வச்சு, காதுல சொருகியிருந்த பென்சிலால விரல் விரலாச் சுத்தி வரைஞ்சார். தேக்குல மெல்லிசா ஒரு பேனல் இழைச்சு, உள்ளங்கை படுற இடத்துல தக்கை ஒட்டினார். விதிப்புத்தகத்துல இருக்கிற அளவைப் பார்த்து, சோதனைக்குக் காட்டித்தான் பொருத்தினோம். அதுக்கப்புறம் கையில தோல் உரியல.

2024-ல பாரிஸ் ஒலிம்பிக்ல நம்ம இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூணு நிலைப் போட்டியில வெண்கலம் வாங்கினப்ப, டிவி முன்னாடி நான் அவர் முகத்தைப் பார்க்கல. இடது கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உட்கார்ந்து பார்க்க அப்பா இல்லை.

இப்ப நானும் சொல்லிக் கொடுக்கிறேன். புதுசா வர்ற ஒவ்வொரு பிள்ளையோட கையையும் அட்டையில வரைஞ்சு வாங்கி ஒரு தகரப் பெட்டியில வச்சிருக்கேன். எல்லாத்துக்கும் அடியில என்னோட அட்டை, மூலையில அவர் எழுத்து: "அம்மிணி. இடது கை."

முதல் வரிசையில தலை குனிஞ்ச கண்ணு, உன்னோட அட்டையும் அதுலதான் இருக்கு. நீ நாளைக்கும் சாவி கேளு.

இத்தனை பேர் கையை வரைஞ்சேன், எங்க அப்பா கையை ஒரு தடவைகூட வரைஞ்சு வைக்கணும்னு எனக்குத் தோணல. அவரோட உளி மட்டும் வீட்டுல இருக்கு. பிடியில கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருக்கும். சில ராத்திரி அதுல என் விரலை வச்சுப் பார்ப்பேன். எனக்கு அது பெருசு.