ஐந்துமுனை நட்சத்திரமும் வெண்கலப் பாம்பும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

மாந்திரீகச் சின்னங்களைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு வருவார்கள். இது பிசாசின் முத்திரை, அதை வீட்டில் வைக்காதே, இந்தப் படம் போட்ட சட்டையைப் போடாதே என்று அது நீளும். என்னிடம் அப்படிப் பட்டியல் எதுவும் இல்லை. வேதத்திலும் நான் பார்த்ததில்லை. உபாகமம் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். குறிசொல்லுதல், நாள்பார்த்தல், அஞ்சனம் பார்த்தல், சூனியம், செத்தவர்களிடம் குறிகேட்டல் என்று தேவன் அருவருக்கும் காரியங்கள் வரிசையாக வருகின்றன. எல்லாமே மனிதன் செய்கிற செயல்கள். எந்த வடிவமும் அந்த வரிசையில் இல்லை.

ஐந்துமுனை நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இன்று அதைப் பார்த்ததும் பலருக்குச் சாத்தான் வழிபாடுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதை ஒன்றில், ஒரு கிறிஸ்தவ வீரன் தன் கேடயத்தில் இதே நட்சத்திரத்தைத் தாங்கிப் போகிறான். கிறிஸ்துவின் ஐந்து காயங்களும் அதன் பொருளில் அடங்கும் என்று கவிதையே சொல்கிறது. 1850களில் பிரான்சில் எலிஃபாஸ் லெவி என்ற மாந்திரீக எழுத்தாளர், ஒரு முனை மேலே இருந்தால் நன்மை, தலைகீழாகி இரண்டு முனைகள் மேலே வந்தால் தீமை, அவை ஆட்டின் கொம்புகள் என்று எழுதினார். அதே நூற்றாண்டின் இறுதியில் தலைகீழ் நட்சத்திரத்துக்குள் ஆட்டுத்தலை வரையப்பட்டு அச்சானது. 1966இல் அமெரிக்காவில் ஆன்டன் லாவே தொடங்கிய சாத்தான் சபை அதைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. நாம் ஆதிகாலத்து மர்மம் என்று பயப்படும் அந்தப் பொருளுக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை.

தலைகீழ்ச் சிலுவையும் இப்படித்தான். ஆண்டவரைப்போல் சாகத் தனக்குத் தகுதியில்லை என்று பேதுரு தலைகீழாக அறையப்பட்டார் என்பது சபையின் பழைய மரபு. அதனால் அது பேதுருவின் சிலுவை. 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இஸ்ரவேலுக்குச் சென்றபோது உட்கார்ந்த நாற்காலியில் அது செதுக்கப்பட்டிருந்தது. உடனே அவரை அந்திக்கிறிஸ்து என்று சொல்ல ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். சமாதானச் சின்னத்தையும் நாம் விடவில்லை. 1958இல் ஜெரால்டு ஹோல்டம் அதை அணு ஆயுதங்களுக்கு எதிராக வரைந்தார். கொடிகளால் சைகை காட்டும் முறையிலிருந்து இரண்டு எழுத்துகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தார், அவ்வளவுதான். அதை, கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ரோமப் பேரரசன் நீரோவின் உடைந்த சிலுவை என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை பிரசங்க மேடைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது.

சரி, அப்படியானால் எந்தச் சின்னத்தையும் எப்படியும் வைத்துக்கொள்ளலாமா? இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார். அதே நிருபத்தில், விக்கிரகத்துக்குப் படைக்கிறவர்கள் பேய்களுக்கே படைக்கிறார்கள் என்றும் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆதிச் சபையின் போதகரான அகஸ்டின் இதை விளக்கினார். இப்படிப்பட்ட சின்னங்களுக்குத் தாமாக ஒரு வலிமையும் இல்லை, மனிதனும் பேய்களும் செய்துகொள்ளும் உடன்பாட்டால்தான் அவை வேலை செய்கின்றன என்றார். பிள்ளை நோட்டில் கிறுக்கும் நட்சத்திரம் வெறும் கோடு. ஆவியை அழைப்பதற்காகத் தரையில் அதே நட்சத்திரத்தை வரைந்து நடுவில் நிற்கிறவன், தேவன் அல்லாத ஒருவரிடம் உதவி கேட்கிறான். கோடு மாறவில்லை, கேட்கப்படுகிறவர் மாறிவிட்டார். அதனால்தான் பவுல் பிரசங்கித்த எபேசு பட்டணத்தில் விசுவாசிகள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களை எரித்தார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசை ஒரு நாள் கூலியாகக் கணக்கிட்டால் எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள்! விற்றிருக்கலாம். விற்றால் இன்னொருவன் அந்த உடன்பாட்டுக்குள் போவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். இதைச் சொல்லத்தான் நான் அதிகமாக விரும்பினேன். சாமுவேலின் முதல் புத்தகத்தில், போரில் தோற்ற இஸ்ரவேலர், தேவனுடைய கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்குத் தூக்கி வருகிறார்கள். அது வந்தால் ஜெயம் நிச்சயம் என்று பூமி அதிர ஆர்ப்பரிக்கிறார்கள். அன்று 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோனது. தேவன் செய்யச் சொன்ன பெட்டியையே அவர்கள் தாயத்தாக்கிவிட்டார்கள். வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பும் தேவனுடைய கட்டளைதான். பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். பல தலைமுறைக்குப் பிறகு ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! ஆனாலும் இயேசு நிக்கொதேமுவிடம் தம் மரணத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பாம்பைத்தான் சொல்கிறார். வெண்கலம் போனது, அது காட்டிய உண்மை போகவில்லை.

எபேசுவில் பேயோட்ட முயன்ற ஸ்கேவா என்ற யூதனின் குமாரர் இயேசுவின் நாமத்தையே மந்திரமாக உச்சரித்துப் பார்த்தார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று பொல்லாத ஆவி கேட்டது. காயப்பட்டு, வஸ்திரமில்லாமல் ஓடினார்கள். நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம், குருமார் தாயத்து செய்யக்கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது. பீடத்தில் நின்றவர்களே செய்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கழுத்துச் சிலுவையைக் கழற்றினால் ஏதாவது நடந்துவிடும் என்று நடுங்குகிறவரும் அந்தப் பழைய இடத்தில்தான் நிற்கிறார்.

பெற்றோர் என்னிடம் கேட்பார்கள்: மகன் ஆட்டுத்தலைப் படம் போட்ட சட்டையோடு வருகிறான், என்ன செய்வது? கிழிக்காதீர்கள். அவனுக்கு அது என்ன என்று கேளுங்கள். வெறும் நாகரிகம் என்றால், அந்தப் படம் யார் கையிலிருந்து வந்தது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மெய்யாகவே யாரிடமோ குறி கேட்கப் போயிருக்கிறான் என்றால், எந்தப் பயம் அவனை அங்கே கொண்டுபோனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எபேசுவில் யாரையும் வற்புறுத்தியதாக எழுதியில்லை. தாங்களே வந்து அறிக்கையிட்டு, தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். அவனும் அங்கிருந்து கொண்டுவந்ததைத் தன் கையால் எறியட்டும். அப்புறம், எறிந்ததற்குப் பதிலாக உடனே ஒரு சிலுவையை அவன் கழுத்தில் கட்டிவிடாதீர்கள். அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வராமல் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு ஜெபியுங்கள்.